எண்ணெயும் இரத்தப்பழியும்: தாவீது அரசனான வரலாற்றை வாசித்தல்

சவுல் கில்போவா மலையில் மாண்ட சில நாட்களுக்குள் அவனுடைய முடியும் கைக்கடகமும் தெற்கே சிக்லாகு என்ற ஊரில் தாவீதின் கைக்கு வந்துவிட்டன. இறந்த அரசனின் முடி, அவனால் வேட்டையாடப்பட்டு ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தவனிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? சவுலின் சொந்தக் கோத்திரமான பென்யமீனில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இருந்திருக்காது. இரண்டாம் சாமுவேலின் முதல் அதிகாரம் அதற்கு விடை சொல்கிறது. ஓர் அமலேக்கியன் கொண்டுவந்தான். சவுலைத் தானே கொன்றதாகச் சொன்னான். தாவீது உடையைக் கிழித்துக்கொண்டு அழுதான், மாலைவரை உபவாசம் இருந்தான், பிறகு அந்த அமலேக்கியனைக் கொல்லும்படி கட்டளையிட்டான். இவ்வளவு விரிவான விடை ஒன்று தேவைப்பட்டது என்பதிலிருந்தே கேள்வியின் கடுமையை ஊகிக்கலாம்.

தாவீது அரியணை ஏறிய கதை முதலாம் சாமுவேல் 16-இல் தொடங்கி இரண்டாம் சாமுவேல் 5-இல் முடிகிறது. மொத்தம் 21 அதிகாரங்கள். நம் ஓய்வுநாள் பள்ளிகளில் இவற்றில் இரண்டைத்தான் முழுமையாகக் கற்றுத்தருகிறோம்: சாமுவேல் எண்ணெய்க் கொம்போடு பெத்லெகேமுக்கு வந்தது, கோலியாத் விழுந்தது. சவுலின் மகன் யோனத்தானின் நட்பைச் சேர்த்தால் மூன்று. நோப் ஊரில் 85 ஆசாரியர்கள் வெட்டப்பட்டதும், தாவீது பெலிஸ்த அரசனிடம் கூலிப்படைத் தலைவனாக இருந்ததும், எப்ரோனின் நகர வாசலில் அப்னேர் குத்தப்பட்டதும் பாடத்திட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இந்தக் கதையைக் கடந்த நூறாண்டுகளில் அறிஞர்கள் எப்படியெல்லாம் வாசித்திருக்கிறார்கள் என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாவீதின் மேல் சுமத்தப்பட்ட பழியைச் சாமுவேல் நூல் மறைக்கவில்லை, விடையோடு சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் பழியைக் கேட்கத் துணியாத வாசிப்புக்கு, தாவீதின்மேல் இறங்கிய கிருபையின் எடையும் தெரியாமல் போய்விடும்.

இந்த அதிகாரங்கள் தனியான ஒரு தொகுதி என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. ஜெர்மானிய அறிஞர் லியோன்ஹார்ட் ரோஸ்ட் 1926-இல் வெளியிட்ட நூலில், தாவீதுக்குப் பின் யார் என்ற கேள்வியைச் சுற்றி எழுந்த வாரிசுரிமைக் கதையைப் பிரித்துக் காட்டினார். அது பிரிந்ததும், அதற்கு முன்னால் இருக்கும் ஏற்றத்தின் கதையும் தனி உருவம் பெற்றது. மார்ட்டின் நோத் 1943-இல் உபாகமம் முதல் இராஜாக்கள் வரையிலான நூல்களை ஒரே பெரிய வரலாறாகக் கண்டபோது, அதைத் தொகுத்தவர் பழைய மூலங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார் என்றார். அந்தப் பழைய மூலங்களில் ஒன்றாகத் தாவீதின் ஏற்றத்தைப் பலரும் எண்ணினார்கள். ஜான் வான் சீட்டர்ஸ் போன்றோர் இதை மறுத்து, தாவீதுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த இலக்கியமாகவே பார்த்தார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கதையின் கட்டுமானத்தை அறிய மூன்று அபிஷேகங்களைப் பின்தொடர்ந்தால் போதும். முதலாவது பெத்லெகேமில், ஈசாயின் வீட்டில், அண்ணன்மார் நடுவே, ஏறக்குறைய இரகசியமாக நடக்கிறது. சவுலுக்குத் தெரிந்தால் உயிர் போகும் என்று சாமுவேலே அஞ்சினான். பலி செலுத்த வந்ததாகச் சொல்லச்சொல்லி ஒரு கிடாரியோடு அனுப்பப்பட்டான். இரண்டாவது எப்ரோனில், யூதா கோத்திரத்தார் கையால். மூன்றாவதும் எப்ரோனில்தான், இஸ்ரவேலின் மூப்பர்கள் வந்து உடன்படிக்கை செய்தபின். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு தலைமறைவு வாழ்க்கை, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஓர் உள்நாட்டுப் போர். முப்பது வயதில் அரசனானான், எப்ரோனில் ஏழரை ஆண்டு ஆண்டான் என்கிறது நூல். வீட்டுக்குள் ஊற்றப்பட்ட எண்ணெய் தேசத்தின் சம்மதமாக மாற இத்தனை ஆண்டுகள் பிடித்தன. கர்த்தர் அவனோடிருந்தார் என்ற கருத்து தொடக்கம் முதல் முடிவு வரை திரும்பத் திரும்ப வருகிறது; சவுலின் வேலைக்காரன் ஒருவன் 16-ஆம் அதிகாரத்தில் முதலில் சொல்கிறான், இறுதியில் கதைசொல்லியே சொல்லி முடிக்கிறான். ஆனால் அந்தத் துணை எந்த வழியாகச் செயல்பட்டது என்று கேட்டால் திருமணங்கள், பரிசுகள், கொள்ளைப்பொருள், தப்பியோட்டம், பேச்சுவார்த்தை என்று மனித காரியங்களாகவே நூல் அடுக்குகிறது. வேதத்தை வாசிக்கிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுவதுதான் வழக்கமாகப் போய்விட்டது.

வேதபாடக் குழுக்கள் செய்து பார்க்கவேண்டிய ஒரு பயிற்சி உண்டு. முதலாம் சாமுவேல் 17-ஐத் திறந்து, 12 முதல் 31 வரையிலான வசனங்களைச் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டுங்கள். பிறகு 41, 50, 55 முதல் 58 வரை, 18-ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்கள். இப்போது கட்டத்துக்கு வெளியே இருப்பதை மட்டும் உரக்க வாசியுங்கள். கதை தடையில்லாமல் ஓடும். அரண்மனையில் சுரமண்டலம் வாசிக்கும் தாவீது, சவுலின் ஆயுததாரி, பாளயத்தில் அரசன் அருகிலேயே இருக்கிறான். பெலிஸ்தனின் சவாலைக் கேட்டு நான் போகிறேன் என்கிறான். அப்பமும் பால்கட்டியும் சுமந்து வரும் சிறுவன் இதில் இல்லை. எரிந்து விழும் அண்ணன் எலியாப் இல்லை. வெற்றிக்குப் பின் இவன் யாருடைய மகன் என்று சவுல் விசாரிக்கும் இடமும் இல்லை. முந்தைய அதிகாரத்திலேயே தன்னிடம் சேவகம் செய்து, தன் பிரியத்தையும் பெற்றவனை அரசன் எப்படி அறியாமல் போனான் என்ற நெடுநாள் தலைவலி, கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இது வெறும் பென்சில் விளையாட்டல்ல. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் கையெழுத்துப் படி பாதுகாத்திருக்கும் கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்தப் பகுதிகள் இல்லவே இல்லை. 17, 18 ஆகிய இரு அதிகாரங்களின் 88 வசனங்களில் ஏறத்தாழ 40 அதில் காணப்படவில்லை. குறுகிய வடிவம்தான் பழையது, நீண்டது இரண்டு கதைகளை இணைத்தது என்று இம்மானுவேல் டோவ் வாதிட்டார். இல்லை, முரண்பாடுகளைப் பார்த்து யாரோ வெட்டிக் குறைத்ததே கிரேக்க வடிவம் என்றார் டொமினிக் பார்த்தலமி. இவர்கள் இருவரும் வேறு இரு அறிஞர்களோடு சேர்ந்து 1986-இல் ஒரே நூலுக்குள் இதை விவாதித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்றே முடித்தார்கள். எனக்கு டோவின் பக்கம் வலுவாகத் தெரிகிறது. முரண்பாட்டை நீக்க ஒருவர் கத்தரித்தபின் இவ்வளவு ஒழுங்கான ஒரு கதை தற்செயலாக மிஞ்சியது என்று நம்புவது கடினம். அதற்காகக் கட்டத்துக்குள் இருப்பது மதிப்புக் குறைந்தது என்று பொருளல்ல. எலியாப் தன் கண்ணெதிரே தம்பிக்கு நடந்த அபிஷேகத்தைப் பார்த்தவன். அவனே போர்க்களத்தில் தம்பியைக் கர்வம் பிடித்தவன் என்று திட்டுகிறான். வீட்டுக்காரர்களே நம்பாத அபிஷேகம் அது என்பதை நீண்ட வடிவம்தான் நமக்குக் காட்டுகிறது.

கோலியாத்தின் உயரமும் படிக்குப் படி மாறுகிறது. எபிரெய மரபுப் பாடம் ஆறு முழமும் ஒரு சாணும் என்கிறது. கும்ரானில் 1952-இல் கண்டெடுக்கப்பட்ட நான்காம் குகையின் சாமுவேல் சுருளும் கிரேக்க மொழிபெயர்ப்பும் நான்கு முழமும் ஒரு சாணும் என்கின்றன. நெடியவன்தான், ஆனால் நாம் தெருவில் பார்க்கக்கூடிய உயரம். இரண்டாம் சாமுவேல் 21:19-இன் எபிரெயப் பாடமோ கோலியாத்தைக் கொன்றவன் எல்க்கானான் என்ற இன்னொரு பெத்லெகேமியன் என்கிறது. நாளாகமக்காரர் அதைக் கோலியாத்தின் சகோதரன் என்று திருத்தமாகச் சொல்கிறார். தமிழில் இந்நூல் நம் கைக்கு வந்த வரலாற்றையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்: தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1719-இல் இறந்தபோது அவருடைய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் வரை வந்திருந்தது. சாமுவேலின் வாசலில் அவர் பேனா நின்றது. தொடர்ந்து முடித்தவர் பெஞ்சமின் ஷூல்ட்ஸ்.

தாவீது என்று ஒருவன் இருந்தானா என்ற கேள்வியே 1990-களின் தொடக்கத்தில் சூடாக இருந்தது. வடக்கே தேல் தாண் மேட்டில் ஆபிரகாம் பிரான் நடத்திய அகழாய்வில், 1993-இல் ஒரு கருங்கல் துண்டு கிடைத்தது. அடுத்த ஆண்டு மேலும் இரண்டு. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஓர் அராமிய அரசன், அனேகமாக அசகேல், தன் வெற்றிகளைப் பொறித்துவைத்த கல் அது. அதில் தாவீதின் வீடு என்று படிக்கத்தக்க சொற்கோவை இருக்கிறது. பகையாளி ஒருவன், தாவீது காலமாகி ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குள், யூதாவின் அரச மரபை அந்தப் பெயரால் குறிப்பிட்டிருக்கிறான். அதன்பின் தாவீதை முழுக் கற்பனை என்று சொல்கிறவர்கள் மிகக் குறைந்துபோனார்கள். ஆனால் கல் சொல்வது அவ்வளவுதான். அவன் எப்படி அரசனானான் என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை.

ஏலா பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் கிர்பெத் கெயாஃபா என்ற கோட்டையூரை யோசே கார்ஃபிங்கல் 2007 முதல் 2013 வரை தோண்டினார். கருகிய ஒலிவக் கொட்டைகளின் காலக்கணிப்பு பதினோராம் நூற்றாண்டின் இறுதியையும் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சுட்டியது. தாவீதின் காலத்தில் யூதாவில் உறுதியான அரசு இருந்ததற்கு அதுவே சான்று என்றார் அவர். இஸ்ரவேல் ஃபிங்கெல்ஸ்டைன் ஒப்பவில்லை. ஓர் ஊர்ச் சுவரிலிருந்து ஒரு பேரரசைக் கட்டி எழுப்ப முடியாது என்பது அவர் பக்கத்தின் சாரம். அதே ஊரில் ஒரு ஜாடியின் மேல் எஸ்பாகால் என்ற பெயர் கிடைத்தது. சவுலின் மகனை நாளாகமம் அழைக்கும் பெயர் அது. ஆள் வேறு, ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது உறுதியாகிவிட்டது. சாமுவேல் நூல் அதை இஸ்போசேத் என்றே எழுதுகிறது.

தொல்லியலில் எனக்கு இவற்றைவிடவும் கனமாகப் படுவது காத் நகரம். இந்தக் கதையில் பெலிஸ்தரின் முதன்மை நகரம் காத்; கோலியாத்தின் ஊர் அது, தாவீது அடைக்கலம் புகுந்த அரசன் ஆகீசின் ஊரும் அதுவே. தேல் எஸ்-சாஃபி மேட்டில் 1996 முதல் ஆரன் மாயர் நடத்திவந்த அகழாய்வு, அது உண்மையிலேயே பெருநகரமாக இருந்ததையும், கி.மு. 830 வாக்கில் அசகேலின் முற்றுகையில் அழிந்ததையும் காட்டியது. அந்த அழிவுக்குப் பின் காத் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிற்காலத்தில் யாரோ உட்கார்ந்து இட்டுக்கட்டியிருந்தால், தங்கள் காலத்தில் பேர்போன எக்ரோனையோ அஸ்கலோனையோ அல்லவா எழுதியிருப்பார்கள்? தாவீதைக் கூட்டத்தோடு மலைக்காடுகளில் அலைந்த தலைவனாகக் காட்டும் கதைகளில் பழைய நினைவு படிந்திருக்கிறது என்று ஃபிங்கெல்ஸ்டைனே, நீல் ஆஷர் சில்பர்மனோடு சேர்ந்து 2006-இல் எழுதிய நூலில் ஒத்துக்கொள்கிறார். பேரரசைச் சந்தேகிக்கிறவரே தலைமறைவு வாழ்வை நம்புகிறார் என்பது கவனிக்க வேண்டியது.

அந்தத் தலைமறைவு வாழ்வுக்கு அக்கம்பக்கத்திலும் முன்மாதிரிகள் உண்டு. கி.மு. பதினைந்தாம் நூற்றாண்டில் அலலாக் நகரத்து அரசன் இத்ரிமி, குடும்பம் வீழ்ச்சியடைந்தபோது தப்பியோடி, ஹபிரு எனப்பட்ட நாடோடிக் கூட்டத்தாரிடம் ஏழாண்டு தங்கி, பின்னர் அரியணை ஏறியதைத் தன் சிலையின்மேலேயே பொறித்துவைத்தான். அதுல்லாம் குகையில் தாவீதைச் சுற்றிச் சேர்ந்த 400 பேரை நூல் யாரென்று சொல்கிறது? நெருக்கடியில் இருந்தவர்கள், கடன்பட்டவர்கள், மனம் கசந்தவர்கள். சவுலின் ஆட்சியில் நிலமும் பிழைப்பும் இழந்தவர்களின் கூட்டம் அது. பின்னால் 600 ஆனது. தாவீதின் அரசு இந்தக் கடன்காரர்களிடமிருந்து தொடங்கியது என்பதை நம் பிரசங்கங்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

இனி மையக் கேள்விக்கு வருவோம். கைல் மெக்கார்ட்டர் 1980-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாவீதின் ஏற்றத்தை ஹிட்டைட்டு அரசன் மூன்றாம் ஹத்துசிலி எழுதிவைத்த தன்னிலை விளக்கத்தோடு ஒப்பிட்டார். கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டில், அண்ணன் மகனை அரியணையிலிருந்து இறக்கிய ஹத்துசிலி, நான் பொறுத்துப்போனேன், அவனே என்னை நெருக்கினான், தேவி இஷ்தார் என்னைத் தேர்ந்துகொண்டாள் என்று நீண்ட விளக்கம் தந்திருக்கிறான். அவனும் குடும்பத்தில் கடைக்குட்டிதான். அரியணைக்கு நேர்வழியில் உரிமை இல்லாதவன் ஆட்சிக்கு வந்தால், எந்தெந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்? அந்தப் பதில்களெல்லாம் சாமுவேல் நூலில் ஒன்றுவிடாமல் இருக்கின்றன என்றார் மெக்கார்ட்டர்.

பட்டியல் நீளமானது. தாவீது அரண்மனையில் சுயநலத்துக்காக முன்னேறினானா? இல்லை, சவுலே அழைத்தான், சவுலின் மகனும் மகளும் அவனை நேசித்தார்கள். சவுலை விட்டு ஓடிப்போனானா? இல்லை, ஈட்டி எறியப்பட்டபின்தான் ஓடினான். பெலிஸ்தருக்குச் சேவகம் செய்தானா? செய்தான், ஓராண்டும் நான்கு மாதமும் செய்தான், ஆனால் யூதாவைக் கொள்ளையிடுவதாக ஆகீசை நம்பவைத்துக்கொண்டு வேறு இனத்தாரையே தாக்கினான். சவுல் மாண்ட போரில் அவன் எந்தப் பக்கம் நின்றான்? இங்கேதான் நூல் மிகுந்த கவனம் எடுக்கிறது. ஆப்பெக்கில் பெலிஸ்தப் பிரபுக்கள் அவனைத் திருப்பி அனுப்புகிறார்கள். மூன்றாம் நாள் சிக்லாகு வந்து சேர்கிறான். ஊர் எரிந்து கிடக்கிறது; பெண்களையும் பிள்ளைகளையும் அமலேக்கியர் கொண்டுபோயிருக்கிறார்கள். அவன் தெற்கே பேசோர் ஓடையைத் தாண்டித் துரத்திக்கொண்டிருந்த நேரத்தில் வடக்கே கில்போவாவில் சவுல் விழுந்தான். வழக்காடுமன்றத்தில் ஒருவன் தான் சம்பவ இடத்தில் இல்லை என்று நிரூபிப்பதைப்போல, ஊரும் நாளும் தூரமும் குறித்து எழுதப்பட்ட மூன்று அதிகாரங்கள் இவை.

அதற்குப் பின் சவுலின் படைத்தலைவன் அப்னேர். சமாதானம் பேச எப்ரோனுக்கு வந்து, தாவீதோடு விருந்துண்டு, நல்லபடியாக அனுப்பப்பட்டவன். தாவீதின் படைத்தலைவன் யோவாப் ஆள்விட்டுத் திரும்ப வரவழைத்து, நகர வாசலில் தனியே பேசுவதுபோல் ஒதுக்கிக் கொண்டுபோய் வயிற்றில் குத்தினான். அப்னேர் கொன்ற தன் தம்பி ஆசகேலின் இரத்தத்துக்குப் பழிவாங்கினான் என்கிறது நூல். தாவீது பாடையின் பின்னால் நடந்தான், கல்லறையில் அழுதான், சாப்பிட மறுத்தான். அது அரசனால் நடந்த கொலை அல்ல என்று மக்களெல்லாரும் அன்று அறிந்துகொண்டார்கள் என்று கதைசொல்லி தனியாக ஒரு வாக்கியம் எழுதுகிறார். பிறகு இஸ்போசேத், உறக்கத்தில் குத்தப்பட்டு, தலை எப்ரோனுக்கு வருகிறது. கொண்டுவந்த இருவரும் கொல்லப்பட்டுக் குளத்தருகே தூக்கப்படுகிறார்கள். நாபால், சவுல், யோனத்தான், அப்னேர், இஸ்போசேத்: ஒவ்வொரு மரணமும் தாவீதுக்கு ஒரு படி; ஒவ்வொன்றிலும் அவன் கை தூரத்தில் இருக்கிறது.

பாரூக் ஹால்பர்ன் 2001-இல் வெளிவந்த நூலில் இந்தப் பட்டியலை அப்படியே தலைகீழாக்கினார். இத்தனை மறுப்புகள் ஏன்? மறுக்கப்பட்டதெல்லாம் நடந்தது என்பதால்தான். ஸ்டீவன் மெக்கென்சி 2000-இல் எழுதிய வாழ்க்கை வரலாறும் ஜோயல் பேடன் 2013-இல் எழுதியதும் ஏறக்குறைய அதே தடத்தில் செல்கின்றன. இவர்களை விசுவாசத்தின் பகைவர்கள் என்று ஒதுக்குவது சரியல்ல. மிக நெருக்கமாக, வசனம் வசனமாக வாசித்தவர்கள். ஆனால் அவர்கள் ஓரிடத்தில் தாவிச் செல்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஒரு மறுப்பு, குற்றச்சாட்டு எழுந்தது என்பதற்குச் சான்று. குற்றம் நடந்தது என்பதற்குச் சான்றல்ல. பொய்ப்பழி சுமந்தவனும் மறுக்கத்தான் செய்வான். அதைவிட முக்கியம்: பூசிமெழுகுவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், 27-ஆம் அதிகாரத்தை யார் எழுதியிருப்பார்கள்? காத்துக்குப் போய்ச் சொல்ல ஆள் இருக்கக்கூடாது என்பதற்காக, தாக்கிய ஊர்களில் ஆணையும் பெண்ணையும் உயிரோடு விடவில்லை என்று அங்கே வெளிப்படையாக இருக்கிறது. நோப் ஆசாரியர்கள் சாவுக்குத் தானே காரணம் என்று, அங்கிருந்து தப்பிவந்த அபியத்தாரிடம் தாவீது தன் வாயால் ஒப்புக்கொள்வதும் 22-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தன் கட்சிக்காரனைக் காப்பாற்ற எழுதும் வழக்கறிஞர் இவற்றை விட்டிருப்பார்.

கதைசொல்லியின் மனத்தை அறிய 24, 25, 26 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசிக்க வேண்டும். 24-இல் எங்கேதியின் குகையில் சவுல் தாவீதின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான். தாவீது அங்கியின் ஓரத்தை மட்டும் அறுக்கிறான். 26-இல் பாளயத்துக்குள் இறங்கித் தூங்கும் சவுலின் தலைமாட்டிலிருந்து ஈட்டியையும் தண்ணீர்க் குடுவையையும் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான். நடுவில் வைக்கப்பட்டிருப்பது நாபாலின் கதை. மூவாயிரம் ஆடும் ஆயிரம் வெள்ளாடும் உடையவன். மயிர் கத்தரிக்கும் விருந்து நாள். தன் மேய்ப்பரைக் காத்ததற்குப் பங்கு கேட்டு தாவீது பத்து வாலிபரை அனுப்புகிறான். இந்நாளில் எசமானை விட்டு ஓடிப்போகிற வேலைக்காரர்கள் பெருத்துவிட்டார்கள் என்று நாபால் ஏசி அனுப்புகிறான். உடனே 400 பேர் பட்டயம் கட்டுகிறார்கள். விடியுமுன் அந்த வீட்டில் ஓர் ஆண்மகனையும் விடேன் என்று தாவீது ஆணையிட்டுப் புறப்படுகிறான். அரசனைத் தொடாத கை, ஒரு பணக்காரனின் வசவுக்காக ஒரு வீட்டையே அழிக்கக் கிளம்பிவிட்டது.

நிறுத்தியவள் நாபாலின் மனைவி அபிகாயில். 200 அப்பம், இரண்டு தோல்துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, ஐந்து படி வறுத்த தானியம், 100 வற்றல் திராட்சைக்குலை, 200 அத்திப்பழ அடை. கழுதைகளில் ஏற்றி, கணவனுக்குச் சொல்லாமல் புறப்பட்டாள். மலைச்சரிவின் மறைவில் எதிர்ப்பட்டபோது அவள் சொன்னதன் சாரம் இந்த 21 அதிகாரங்களின் அடிநாதம்: நீர் அரசராகும் நாளில், காரணமின்றிச் சிந்திய இரத்தம் உம் நெஞ்சை உறுத்தக்கூடாது. தாவீதின் கை சுத்தமாயிருந்தது என்று நூல் சொல்லும்போது, அது அவனுடைய இயல்பால் அல்ல, ஒரு பெண்ணின் துணிச்சலால் காக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அரசியல் கண்ணோடு வாசிப்பவர்கள் மேலும் ஒன்றைக் காண்கிறார்கள். நாபால் காலேபின் வம்சத்தான். எப்ரோன் காலேபியரின் ஊர். நாபாலின் விதவையை மணந்தவன் பின்னர் எப்ரோனில் அபிஷேகம் பெற்றான். சிக்லாகில் மீட்ட கொள்ளைப்பொருளை அவன் அனுப்பிய ஊர்களின் பட்டியலும் எப்ரோனில்தான் முடிகிறது. அபிகாயிலின் ஞானமும் அந்தத் திருமணத்தின் ஆதாயமும் ஒரே நிகழ்ச்சியில்தான் இருக்கின்றன.

எங்கேதிக் குகைக் காட்சியை நம் சபைகளில் பயன்படுத்தும் விதம் என்னை வருத்துகிறது. அபிஷேகம் பெற்றவர்மேல் கைபோடக்கூடாது என்று தாவீது சொன்னதை எடுத்து, ஊழியக்காரர்களை யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்பதற்கு ஆதாரமாக்குகிறார்கள். பாடத்தை இன்னும் சில வசனங்கள் தொடர்ந்து வாசித்தால் போதும். கொல்ல மறுத்த தாவீது வாய்மூடிப் போகவில்லை. குகைக்கு வெளியே வந்து, சவுலின் படையே கேட்க, அறுத்த துணியைத் தூக்கிக் காட்டி, ஏன் என்னை வேட்டையாடுகிறீர் என்று கேட்டான். கர்த்தர் நமக்குள் நியாயம் தீர்ப்பார் என்றான். சவுல் அழுதான். கையை அடக்குவது வேறு, நியாயம் கேட்பதை அடக்குவது வேறு. முதலாவதைத்தான் தாவீது செய்தான்.

பெண்களின் பக்கத்திலிருந்து வாசித்தவர்கள் இந்த ஆய்வுக்கு இன்னொரு கதவைத் திறந்தார்கள். சவுலின் மகள் மீகாள் தாவீதை நேசித்தாள் என்று 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. தாவீது அவளை நேசித்ததாக எங்கும் இல்லை. அவள்தான் ஜன்னல் வழியே அவனை இறக்கிவிட்டு உயிர்காத்தவள். பிறகு சவுல் அவளைப் பல்த்தியேலுக்குக் கொடுத்தான். வடகோத்திரங்களோடு பேச்சு தொடங்கியபோது தாவீது வைத்த முதல் நிபந்தனை மீகாளைத் திருப்பித் தரவேண்டும் என்பது. சவுலின் மருமகன் என்ற உரிமை அவளோடு திரும்பி வரும். பல்த்தியேல் பகூரீம் வரை அழுதுகொண்டே பின்னால் நடந்தான். அப்னேர், திரும்பிப் போ என்றான், போனான். மீகாள் என்ன நினைத்தாள் என்று நூல் சொல்லவில்லை. ஆனால் பல்த்தியேலின் அழுகையை எழுத வேண்டிய கட்டாயம் கதைசொல்லிக்கு இல்லையே. எழுதியிருக்கிறார்.

பழங்காலத்து வாசகர்களும் இந்த அதிகாரங்களை இருவகையாக எடுத்துக்கொண்டார்கள். நாளாகமக்காரர் சவுலின் சாவிலிருந்து ஒரே தாவலில் எப்ரோன் அபிஷேகத்துக்கு வந்துவிடுகிறார்; துரத்தல், நாபால், ஆகீசிடம் பிழைத்த பிழைப்பு, அப்னேர் எதுவுமில்லை. சங்கீதங்களுக்குத் தலைப்பிட்டவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். தாவீதின் வாழ்க்கை நிகழ்ச்சியோடு இணைக்கப்பட்ட 13 சங்கீதங்களில் பெரும்பகுதி அரியணைக்கு முந்திய அலைச்சலின் காலத்தைத்தான் சுட்டுகின்றன: குகை, சீப் ஊராரின் காட்டிக்கொடுப்பு, நோப் ஆசாரியர்களை வெட்டிய தோவேக்கு, வீட்டைச் சூழ்ந்த சவுலின் ஆட்கள். வெற்றி பெற்ற அரசனைவிட ஓடிக்கொண்டிருந்தவனோடுதான் அவர்கள் ஜெபிக்க விரும்பினார்கள்.

ஏற்றத்தின் கதை எங்கே முடிகிறது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. எருசலேம் பிடிபடும் இரண்டாம் சாமுவேல் 5 என்பது பெரும்பாலோர் கணக்கு. 21-ஆம் அதிகாரத்தையும் இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் வாதம். மூன்றாண்டுப் பஞ்சம், கிபியோனியரின் கோரிக்கை, சவுலின் வழியில் வந்த ஏழு பேர் தூக்கப்பட்டது, சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள் இரவும் பகலும் அந்த உடல்களைக் காத்தது: இவை நூலின் கடைசியில் இணைப்பாக வைக்கப்பட்டிருந்தாலும், காலவரிசையில் 9-ஆம் அதிகாரத்துக்கு முந்தியவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சவுலின் வீட்டில் இன்னும் யாராவது மீந்திருக்கிறார்களா என்று தாவீது 9-இல் கேட்கிறான். ஏழு பேர் தூக்கப்பட்ட பின்புதான் அந்தக் கேள்விக்குப் பொருள் வருகிறது. அப்படி வாசித்தால், யோனத்தானின் மகன் மேவிபோசேத்தை அரச பந்தியில் அமர்த்தியது ஆணையைக் காத்த அன்பாகவும், கடைசி வாரிசைக் கண்பார்வையில் வைத்துக்கொண்ட முன்ஜாக்கிரதையாகவும் தெரியும்.

சவுலின் குடும்பத்தானான சீமேயி, தன் மகன் அப்சலோமுக்கு அஞ்சித் தாவீது ஓடியபோது கல்லெறிந்து, இரத்தப்பழிகாரனே என்று ஏசியது இந்த ஏழு பேரையும் மனத்தில் வைத்துத்தான் என்று பலர் கருதுகிறார்கள். தாவீதின் மேல் இருந்த குற்றச்சாட்டு முழுதாக ஒலிக்கும் இடம் அதுதான். யோவாபின் சகோதரன் அபிசாய் அவன் தலையை வாங்கப் புறப்பட்டபோது தாவீது தடுத்தான். கர்த்தரே அவனைச் சபிக்கச் சொல்லியிருக்கக்கூடும், விட்டுவிடு என்றான். அதே சீமேயியைச் சமாதானத்தோடு சாகவிடாதே என்று மரணப்படுக்கையில் சாலொமோனிடம் சொன்னவனும் தாவீதே. முதலாம் இராஜாக்கள் 2-ஆம் அதிகாரத்தை இரண்டாம் சாமுவேல் 16-க்குப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.